சோதனை வண்டிக்குச் சந்தனம் வைத்த செல்வி அக்கா

செய்தி இந்தியில் வந்தது. யார்டின் வாட்ஸ்அப் குழுவில், செல்வி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று ஒரே ஒரு வரி. அதன்கீழே கும்பிடும் கைகள் வரிசையாக. அதற்கும் கீழே, காலை ஷிப்டில் வண்டி கழுவ யார் வருகிறீர்கள் என்ற கேள்வி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லித் தீர்க்க அங்கே எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான்.

மின்சார டாக்சிகள் சார்ஜ் ஏறி, சுத்தமாகித் திரும்பும், புனே நகரின் வாகட் பகுதி யார்டு அது. சார்ஜிங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா வண்டிகளைக் கழுவித் துடைப்பார். கோவையிலிருந்து வந்த எனக்கும், புனேயின் கட்கியிலேயே பிறந்து வளர்ந்த அவருக்கும் மட்டும்தான் அங்கே தமிழ். அவரோடு வேலை செய்த மற்ற யாராலும் நான் எழுதும் இதைப் படிக்க முடியாது.

ஓட்டுநர் இல்லாமல் தானே நகர்ந்து சார்ஜரில் போய் நிற்கும் வண்டி ஒன்றை யார்டுக்குள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தசராவன்று எல்லா வண்டிக்கும் சாமந்தி மாலை போட்ட அக்கா, அதற்கு மட்டும் கூடுதல் மரியாதையாக, கேமரா ஒன்று விடாமல் சந்தனம் வைத்துவிட்டார். வண்டி அசையவில்லை. பொறியாளர்கள் லேப்டாப்போடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"இதுக்கு நெத்தி எது, கண்ணு எதுன்னு யாருப்பா கண்டாங்க? டிரைவர் இருந்தா கேட்டிருப்பேன்" என்று ஈரத்துணியோடு ஓடிவந்தார்.

இன்னொரு நாள் ஒரு டாக்சியின் பின்சீட்டில் கசங்கிக் கிடந்த டிஷ்யூக்களைப் பொறுக்கியபடி சொன்னார்: "யாரோ அழுதுனே போயிருக்காங்க தம்பி. டிரைவர் இல்லாத வண்டி வந்தா நல்லதுதான். கண்ணாடில பாக்க ஆளில்லாம நிம்மதியா அழலாம்." நான் சிரித்துவிட்டேன்.

துக்கம் கேட்க அக்காவின் கட்கி வீட்டுக்குப் போனேன். வாய் ஓயாத மனுஷி. அவர் பேச்சைச் சொல்லிச் சொல்லி அழ அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அவருடைய மகன் என்னை ஓரமாக அழைத்தான். அவனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது.

"அம்மா உங்ககூட நிறைய பேசுமாமே? என்ன பேசும் அண்ணா? வீட்ல நாங்க ஹிந்திதான். அம்மா 'சாப்டியா'ன்னு கேக்கும். அவ்ளோதான்."

பேச ஆளில்லாத எனக்கு அவர் துணையாக இருந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய பேச்சு மட்டும்தான். வண்டிகள் சார்ஜ் ஏறும் நேரமெல்லாம் பேசித் தீர்த்த பேச்சு. அதை அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று ஆசையாகச் சொல்லத் தொடங்கினேன். தமிழில் சொன்னால் பாதி அவனுக்குப் புரியவில்லை. இந்தியில் சொன்னால் அது அக்காவாக இல்லை.