கொஞ்ச நாளைக்கு மட்டும் ஒரு வெள்ளை மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் நாமக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்தேன். என் கணவர் போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போய்விடுவார். அங்கே மழை பிடித்தால்தான் ஊர் திரும்புவார். மற்ற மாதங்களில் வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைக் கண்ணு என்பார், கோபம் வந்தால் சாமி என்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

அத்தை பரமத்தி வேலூரில் பிறந்தவர். அவர் தம்பிக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. நாமக்கல் வரும் பஸ்ஸில் யாராவது தெரிந்தவர் கையில் வெற்றிலைக் கட்டு வந்துவிடும். அத்தையின் இடது கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும். வெற்றிலையோடு புகையிலையும் உண்டு. அதை விட்டுவிடச் சொல்லி மாமனார் உயிரோடு இருந்தவரை சண்டை போட்டாராம். சண்டை ஓய்ந்தது, புகையிலை ஓயவில்லை.

எனக்கு அந்த நோய் முதலில் வந்தது ஒரு மத்தியான நேரத்தில். எக்ஸ்சேஞ்ச் போர்டில் வரிசையாக விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு லாரி ஆபீஸ்காரர் நாகபுரிக்கு அர்ஜென்ட் கால் கேட்டுவிட்டு, ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று கத்தினார். தினமும் கத்துகிறவர்தான். அன்றைக்கு மட்டும் என் நெஞ்சு குதிரை மாதிரி ஓட ஆரம்பித்தது. கை வியர்த்து, லைன் கொடுக்கப் பிடித்திருந்த கார்டு வயர் வழுக்கியது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பக்கத்து சீட்டில் இருந்த அக்கா என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி எடுத்துத் தண்ணீர் கொடுத்தார்.

அதன் பிறகு அது அடிக்கடி வந்தது. வராத நேரத்தில் வந்துவிடுமோ என்ற பயம் வந்தது. சோறு இறங்கவில்லை. குளிக்கக்கூட எழுந்திருக்கத் தோன்றவில்லை. உள்ளூர் டாக்டர் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை, சேலத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு மனநல டாக்டர் இருக்கிறார், அவரைப் பாருங்கள் என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தை அசரவில்லை. வெளியே வந்ததும் சொன்னார்.

"நரம்பு டாக்டர்னு சொல்லிக்கலாம் கண்ணு. அதுகூட எதுக்கு? சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குச் சாமான் வாங்கப் போறோம்னு சொல்லிக்கலாம். நெசமாவே வாங்கிட்டு வந்தர்லாம். புளி தீந்து போச்சு."

அப்படித்தான் நாங்கள் முதல்முறை சேலம் போனோம். டாக்டர் நடுத்தர வயதுக்காரர். மெதுவாகப் பேசினார். என்னையே நிறையப் பேசவிட்டார். கடைசியில் இரண்டு மாத்திரை எழுதினார். மஞ்சள் நிறத்தில் ஒன்று. அதுதான் உண்மையான மருந்து, ஆனால் வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், மாசக்கணக்கில் போடவேண்டும் என்றார். வெள்ளையாகச் சின்னதாக இன்னொன்று. அது உடனே படபடப்பை அடக்கும், மஞ்சள் மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் வரைக்கும்தான், கொஞ்ச நாளைக்கு மட்டும் என்றார். மஞ்சள் மாத்திரையால் வாய் உலரும், கை லேசாக நடுங்கும், பயப்படக்கூடாது என்றும் சொன்னார்.

செவ்வாய்ப்பேட்டையின் கூட்டத்தில், கைவண்டிகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில், எனக்கு மறுபடியும் நெஞ்சு ஓடியது. அத்தை ஒரு மளிகை மண்டிக்காரரிடம், "ஏனுங்க, எம் மருமகளுக்கு மேலுக்குச் சொகமில்லைங்க" என்று சொல்லி, என்னைக் கொத்தமல்லி மூட்டை மேல் உட்காரவைத்தார். அவர் சோடா வரவழைத்தார். அந்த இடத்திலேயே முதல் வெள்ளை மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். அத்தை புளிக்கு விலை பேசி முடித்து, மிளகாயை முகர்ந்து பார்த்து வேண்டாம் என்று தள்ளி, துவரம்பருப்பை அளக்கச் சொல்லும்போது எனக்கு மூச்சு சீராகிவிட்டது. அவ்வளவு சுலபமாக அடங்கியதுதான் பிறகு என்னைப் பயமுறுத்தியது.

எக்ஸ்சேஞ்சில் அந்தப் பக்கத்து சீட்டு அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். நல்ல மனசுக்காரர். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "எங்க பெரியப்பாவும் இதுதான் போட்டாரு. கொஞ்ச நாளைக்குன்னுதான் ஆரம்பிச்சாரு. இப்ப வருசக்கணக்கா ஆச்சு. அது இல்லாம கண்ணை மூட மாட்டேங்கறாரு. பாத்துக்க" என்றார்.

அவ்வளவுதான். நோயைப் பற்றிய பயம் போய் மாத்திரையைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. மாத்திரை போடும் நேரத்துக்கு முன்பே, இதைக் கேட்பது நானா, என் உடம்பா என்று என்னையே கவனிக்க ஆரம்பித்தேன். போட்டதும் நிம்மதி வந்தால், பார், பழகிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதி வராவிட்டால், இனி இரண்டு வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒருநாள் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அத்தை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"புடிச்சுக்கிட்டா உடாது கண்ணு. அது எனக்குத் தெரியும். போயிலைய எங்க அம்மா பல்லு வலிக்குன்னுதான் குடுத்தா. பல்லே போயிருச்சு, போயிலை போகல. வேண்டாம், நிறுத்திப்போடு. மஞ்சளை மட்டும் போட்டுக்க."

நிறுத்திவிட்டேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பித்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் போர்டில் உட்காரவே முடியவில்லை. நெஞ்சு மறுபடியும் ஓட, கோயமுத்தூர் கேட்டவருக்கு ஈரோட்டைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சமையலறை மூலையில் சுருண்டுகொண்டேன். பார்த்தீர்களா அத்தை, விட்டதும் இப்படி ஆகிறதே, பழகித்தான் போய்விட்டது என்று அழுதேன். அத்தை என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தேய்த்தபடியே, "நானும் சேந்து உன்னக் கெடுத்துப்போட்டேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளே சேலம் பஸ் ஏறினோம். இந்த முறை அத்தை என்னைப் பேசவிடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டருக்கு நேரே உட்கார்ந்தார். டாக்டர் முன்னால் மரியாதைக்காக வாயைச் சுத்தம் செய்துகொண்டுதான் வந்திருந்தார், ஆனாலும் வாசனை போகவில்லை.

"ஏனுங்க டாக்டரே, இந்த வெள்ளை மாத்தரை போயிலை மாதர புடிச்சுக்குமுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "புடிச்சுக்கும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாசக்கணக்குல, வருசக்கணக்குல தானாவே வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தா புடிச்சுக்கும். உங்க மருமக பயப்படறது தப்பில்ல. அதனாலதான் கொஞ்ச நாளைக்குன்னு எழுதினேன். ஆனா இப்ப வந்தது அது இல்ல. மஞ்சள் மாத்திரை இன்னும் வேலைய ஆரம்பிக்கல. பழைய நோய்தான் அப்படியே இருக்கு. அதை மூடி வெச்சிருந்ததை நீங்க திடீர்னு எடுத்துட்டீங்க."

பிறகு என்னிடம் திரும்பினார். "எப்ப நிறுத்தறதுன்னு நான் சொல்றேன். ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. நீங்களா நிறுத்தவும் வேண்டாம், நீங்களா கூட்டவும் வேண்டாம். சந்தேகம் வந்தா பஸ் ஏறி வாங்க. முன்னாடியே இதை நான் தெளிவா சொல்லியிருக்கணும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. அத்தைக்கும்தான். வெளியே வந்ததும், "தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கறானே, நல்ல ஊட்டுப் புள்ள" என்றார்.

வெள்ளை மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தேன். மஞ்சள் மாத்திரையால் வாய் உலர்ந்து நாக்கு அட்டை மாதிரி ஆகும். அத்தை ஒரு தூக்குவாளியில் நீர்மோர் கொடுத்தனுப்புவார். நான் ஒவ்வொரு காலையும் இன்றைக்கு வேலை செய்கிறதா என்று எனக்குள்ளே தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் அதே லாரி ஆபீஸ்காரர் கத்தினார். "லைன் கிடைச்சாத்தானே நான் தர முடியும், நான் என்ன நாகபுரியைக் கையில வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கேன்?" என்று நானும் திருப்பிக் கத்திவிட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தார். அடுத்த விளக்குக்குக் கார்டைச் செருகிய பிறகுதான் நினைவு வந்தது, என் நெஞ்சு ஓடவில்லை.

அடுத்த தடவை போனபோது டாக்டர் வெள்ளை மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார். பாதியாக்குவது எப்படி? அத்தை பாக்குவெட்டியை எடுத்து வந்தார். முதல் மாத்திரை பொடியாகிவிட்டது. இரண்டாவதில் ஒரு பாதி எகிறி அடுப்புக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடிய அத்தை கரி அப்பிய முகத்தோடு எழுந்தார். நான் சிரித்தேன். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கரி இன்னும் பரவியது.

அன்றைக்குத்தான் அவர் ஒரு முடிவு செய்தார். "நீ பாதியா கொறைக்கற. நானும் போயிலைய உட்டுப்போடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா உடுவோம்."

வேண்டாம் அத்தை என்றேன். கேட்கவில்லை. அடுத்து வந்த நாட்கள் பயங்கரமானவை. அத்தைக்குத் தலைவலி, எரிச்சல். பால்காரரோடு சண்டை, பக்கத்து வீட்டுக் கோழியோடு சண்டை. நான் வைத்த ரசத்தை, இது ரசமா, கழனித்தண்ணியா என்று கேட்டார். அரிசிப் பானைக்குள்ளும் பழைய சேலை மடிப்பிலும் எங்கேயாவது ஒரு துண்டு புகையிலை ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. நான் ஒருநாளும் அந்த வெள்ளை மாத்திரையை இப்படித் தேடியதில்லை. போட மறந்துகூடப் போயிருக்கிறேன். என் பயத்துக்கும் இந்தத் தேடலுக்கும் இடையே அவ்வளவு தூரம் இருந்தது. டாக்டர் சொன்னபோது தலையாட்டினேன், நம்பவில்லை. அத்தை அரிசியைக் கிளறியபோது நம்பினேன்.

அந்த வாரக் கடைசியில் நானே கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கி வந்து அவர் கையில் வைத்தேன். வெட்கத்தோடு வாங்கிக்கொண்டார். "நீ செயிச்சுட்ட சாமி. நான் தோத்துட்டேன்" என்றார். நீங்கள் அதை விட்டால் நம் இருவருக்கும் உறவு விட்டுப்போகும், மெல்லுங்கள் என்றேன். இன்று யோசித்தால் அது சரியான வைத்தியம் இல்லை. அன்றைக்கு என் ரசத்தின் மானம் எனக்கு முக்கியமாக இருந்தது.

வெள்ளை மாத்திரை பாதியாகி, ஒருநாள் விட்டு ஒருநாளாகி, நின்றது. நின்ற பிறகும் ஓர் அட்டையைப் பல மாதம் கைப்பையில் வைத்திருந்தேன். இதுவும் பழக்கம்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இருந்துவிட்டுப் போகட்டும், குடையும்தான் வைத்திருக்கிறீர்கள் என்றார். மஞ்சள் மாத்திரையை ஒரு வருஷத்துக்கும் மேலாகப் போட்டு, அதையும் அவர் சொன்னபடியே குறைத்து முடித்தேன்.

இதற்கு நடுவில் மழைக்கு ஊர் வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். "அங்கிருந்து ட்ரங்க் கால் போட்டா நீதானே எடுப்ப. கொரல்ல ஒண்ணும் தெரியலையே" என்றார். ஆப்பரேட்டர் குரலில் ஒன்றும் தெரியக்கூடாது என்றுதான் எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் போன் செய்தால், நாமக்கல் என்று நான் சொன்னதும், "சோறு உண்டயா?" என்றுதான் முதலில் கேட்பார். அர்ஜென்ட் காலின் பொன்னான நிமிஷங்கள் அதிலேயே போகும்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் அந்த நோய் இன்னொரு முறை வந்தது. இந்தத் தடவை நான் காத்திருக்கவில்லை. பழைய டாக்டர் வேறு ஊருக்குப் போயிருந்தார், புதிதாக ஓர் இளம் டாக்டரம்மா. அத்தைக்கு அப்போது முழங்கால் வலி, பஸ் படி ஏறவே இருவர் தூக்கிவிட வேண்டும். இருந்தும் வந்தார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே, "கூட வந்திருக்கறது அம்மாவா?" என்று கேட்டார். நான் மாமியார் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"ஆமாங்க" என்றார்.