கரடிக் காட்டுக்குக் கொண்டுபோன கடலை உருண்டை

சென்ற ஆண்டு நானும் மனைவியும் முதன்முறையாகக் கப்பலில் அலாஸ்கா போனோம். கப்பல் நிற்கும் ஊர்களில் எதைச் சுற்றிப் பார்ப்பது என்று முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். மனைவி மலை ரயில் கேட்டாள். நான் காதில் வாங்காமல், காட்டுக்குள் நடந்து கரடி பார்ப்பதைப் பதிவு செய்தேன். நிபந்தனைகளைப் படிக்கவில்லை.

உணவு கொண்டுவரவே கூடாது என்று வழிகாட்டிப் பெண் காட்டு வாசலில் எங்கள் குழுவிடம் சொன்னாள். எங்கள் ஊர் சூலூரிலிருந்து கொண்டுபோன கடலை உருண்டை என் தோள்பையில் இருந்தது. தின்பண்டம் இல்லாமல் நாங்கள் பக்கத்து ஊருக்குக்கூடக் கிளம்புவதில்லை. வாயைத் திறக்காமல் நடந்தேன்.

ஓடைத் திருப்பத்தில் ஒரு பழுப்புக் கரடி மீன் தின்றுகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் இரண்டு காலில் எழுந்து மோப்பம் பிடித்தது.

"ஏனுங்க, உங்க உருண்டைக்கு விருந்தாளி வந்துட்டாருங்க," என்றாள் மனைவி. என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"பேசாம நில்லு அம்மணி."

அவ்வளவு பெரிய உயிரை நான் பார்த்ததே இல்லை. பின்னால் பனிமலை, கரடியின் ஈர மயிரில் வெயில். சாகப்போகிறோம் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. கடைசியில் அது மீனைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

பையில் உருண்டை இருக்கும் உண்மையை வழிகாட்டியிடம் சொன்னேன். வழிகாட்டி எல்லோரையும் பாதியிலேயே திருப்பி அழைத்துப் போனாள். என் திமிரால் பத்துப் பேருக்குக் காட்டு நடை பாதியில் கெட்டது.

இப்போது நிபந்தனைகளை மனைவி உரக்கப் படித்த பிறகே எதையும் பதிவு செய்கிறேன். பையையும் அவள்தான் சோதிக்கிறாள்.