இசோபே வீட்டு மின்சாரம்

இசோபே தேருஹிகோ அதிகம் பேசாத மனிதர். ஐம்பத்தெட்டு வயதுக்குள் யாரிடமும் ஒரு குடைகூட இரவல் வாங்கியதில்லை. யாருக்கும் கொடுத்ததும் இல்லை. மீன் குளிர்பதனக் கிடங்கில் முப்பது வருஷம், தானுண்டு தன் வேலையுண்டு என்று மேற்பார்வை பார்த்தார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் வாயைத் திறந்தார். அந்த ஒரு நாள் போதாதா?

அது இலையுதிர் காலத் திருவிழா. தெருச் சங்கத்தின் கூடாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து அரிசி மது குடித்துக்கொண்டிருந்தார்கள். இசோபே அப்போதுதான் மின்சாரக் கார் வாங்கியிருந்தார். கூடவே சுவரில் ஒரு பெட்டியும் மாட்டியிருந்தார். கரண்ட் போனால் காரின் பேட்டரி அந்தப் பெட்டி வழியாக வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும். கிடங்கில் ஒரு தடவை இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் நாற்பது டன் கானாங்கெளுத்தி அழுகிப்போனது. அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் வாங்கினார்.

எதிர்வீட்டு ஓட்சுகா, கேஸ் சிலிண்டர் கடைக்காரி, சும்மா இருப்பாளா?

"ஏன் இசோபேசான், ஊர் உலகத்துல எல்லாரும் கையில பிடிக்கிற டார்ச் வாங்குவாங்க. நீங்க நாலு சக்கரம் வச்ச டார்ச் வாங்கியிருக்கீங்களாமே!"

கூடாரமே சிரித்தது. இசோபேக்கு மூக்குக்கு மேல் கோபம். எழுந்து நின்று மார்தட்டினார்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க! புயல் அடிச்சு கரண்ட் போகட்டும், அப்பத் தெரியும். அன்னைக்கு யாரும் பயப்படாதீங்க. எங்க வீட்டுக்கு ஒரு வயரப் போடுங்க, போதும்!"

கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு கஸாமிதான் கடைசிவரை தட்டினார், எழுந்து மூன்று தடவை குனிந்து வணங்கினார். அவர் மனைவி யோஷினோ பக்கவாதத்தில் விழுந்து நாலு வருஷம். அவள் தொண்டையில் கட்டும் சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்காவிட்டால் மூச்சு முட்டிவிடும். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இசோபேக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் செப்டம்பரில், ஒரு திங்கட்கிழமை விடிவதற்குள் புயல் பாதிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. இசோபே பெட்டியின் பொத்தானை அழுத்தினார். ஃபிரிட்ஜ் உறுமியது, ஏசி ஓடியது, காரில் தொண்ணூற்று இரண்டு சதவீதம் காட்டியது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிறகு முதல் காரியமாகப் போய் ஜன்னல்களின் புயல் கதவுகளை எல்லாம் இழுத்துச் சாத்தினார்.

"எதுக்குங்க? காத்துதான் நின்னுடுச்சே" என்றாள் மனைவி ஹாருயோ.

"வெளிச்சம் தெரியும்ல."

"தெரிஞ்சா என்ன? கஸாமி வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க."

"சாயங்காலமே கரண்ட் வந்துடும், பாரு. ஒருத்தரக் கூப்பிட்டா பதினஞ்சு வீடும் போனையும் குக்கரையும் தூக்கிட்டு வந்து நிக்கும். பேட்டரி என்ன சமுத்திரமா?"

செவ்வாய்க்கிழமை, மின்கோபுரமே சாய்ந்துவிட்டது, ஒரு வாரம்கூட ஆகலாம் என்றார்கள். "பாத்தியா? நல்லவேள, கூப்பிடல" என்றார் இசோபே. ஹாருயோ குக்கரில் அரிசியைக் களைந்து போட்டாள். மத்தியானம் தட்டில் வைத்த சூடான சோற்றை அவர் தலை தூக்காமல் தின்றார்.

புதன்கிழமை காலை சங்கத்தின் சுற்றுப்பலகை வந்தது. வீடு வீடாகப் போகும் பலகை அது; படித்தவர் தன் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள்: 'தேவை என்ன', 'தர முடிவது என்ன'. ஒரு வீட்டில் கிணறு இருக்கிறது, வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். கஸாமி தன் கட்டத்தில், 'ஒன்றும் தேவையில்லை. எல்லோரும் வெயிலில் ஜாக்கிரதையாக இருங்கள்' என்று எழுதியிருந்தார். இசோபேக்கு அப்பாடா என்றிருந்தது. பார், அவரே வேண்டாம் என்கிறார்! இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டு, முத்திரையை மட்டும் குத்தினார்.

ஹாருயோ அதை எட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் ஏசியை அணைத்தாள்.

"எனக்கு இந்தக் குளிரு வேணாம். கூசுது" என்றாள்.

மூன்று நாளாக ஓடிய ஏசி நின்றது. வீடு திடீரென்று நிசப்தமானது. அப்போதுதான் இசோபேக்கு அந்தச் சத்தம் கேட்டது. புஸ்க், புஸ்க், புஸ்க். காலால் மிதிக்கும் பம்ப்பின் சத்தம். கஸாமி மிதிக்கிறார், யோஷினோவின் சளியை எடுக்கிறார். மூன்று நாளாக, இந்த முப்பத்தைந்து டிகிரிப் புழுக்கத்தில், அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

பம்ப் சத்தம் நின்றது. இசோபே வீட்டு ஏசி ஏன் நின்றது என்று அந்தப் பக்கம் யாரோ காது கொடுத்துக் கேட்பது போல ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் புஸ்க், புஸ்க்.

ஏசியின் வெளிப்பெட்டி கஸாமியின் ஜன்னலைப் பார்த்துத்தான் நிற்கிறது. நடுவில் இரண்டு கை அகலச் சந்து, அவ்வளவுதான். இந்தச் சின்னச் சத்தமே இங்கே கேட்கிறது என்றால், அந்தப் பெட்டியின் உறுமல் அங்கே கேட்காமலா இருந்திருக்கும்? மானங்கெட்ட மனிதன்! வெளிச்சத்துக்குக் கதவைச் சாத்தினாரே, சத்தத்தை எதை வைத்துச் சாத்துவது?

கொட்டகையில் கிடந்த வயரை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்த கஸாமியின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"அடடே, இசோபேசான்! வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

"மன்னிக்கணும் கஸாமிசான். கரண்ட் பெட்டி ரிப்பேர். இப்பத்தான் சரியாச்சு." பொய் தானாக வாயில் வந்து விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆமாமா, மெஷின்னா அப்படித்தான்" என்றார் கஸாமி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு. "ரொம்ப உபகாரம். அந்த வயர் எதுக்குங்க? இங்கயே இருக்கே."

யோஷினோவின் கட்டிலை ஒட்டிய ஜன்னலில் ஆரஞ்சு நிறப் புது வயர் ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஒரு முனை சளி மெஷினில் சொருகியிருந்தது. மறுமுனை இசோபே வீட்டைப் பார்த்து, கைக்கு எட்டும்படி ஜன்னல் விளிம்பில் கிடந்தது.

"புயலுக்கு முந்தின நாளே வாங்கிட்டேன். பத்து மீட்டர் போதும்ல? சந்து அகலத்த அளந்து பாத்துத்தான் வாங்கினேன்."

இசோபே தான் கொண்டுவந்த வயரைக் கீழே வைத்தார். "ஒரு குரல் குடுத்திருக்கலாமே" என்றார்.

"நீங்க கூப்பிடாம எப்படிங்க வர்றது?" என்றார் கஸாமி. அதில் குத்தல் இல்லை, அதுதான் கொடுமை. "உங்க மெஷின் ஓடுற சத்தம் கேட்டா யோஷினோவுக்கு ஒரு தெம்பு. கரண்ட் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லிக்கிட்டே மிதிப்பேன்."

கட்டிலிலிருந்து யோஷினோ இசோபேயைப் பார்த்தாள். அவர் குனிந்து, வயரின் முனையை வாங்கிக்கொண்டு, நிமிராமலே வெளியே போனார். காரில் இன்னும் ஐம்பத்து நாலு சதவீதம் இருந்தது.

வியாழக்கிழமை காலை தெருவுக்கே கரண்ட் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பலகை மறுபடியும் வந்தது. கஸாமி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'முதல் நாளிலிருந்தே இசோபேசான் வீட்டு மின்சாரம்தான் யோஷினோவைக் காப்பாற்றியது. இந்த நன்றியைத் தெருவார் எல்லோருக்கும் தெரிவிக்கிறேன்.'

இசோபே பேனாவை எடுத்தார். 'முதல் நாளிலிருந்தே' என்பதை அடிக்க வேண்டும். அடித்தால் கஸாமி பொய்யர் ஆகிவிடுவாரே? நல்ல வசதியான காரணம். கிடைத்தால் விடுவாரா மனுஷன்! பேனாவை வைத்துவிட்டு முத்திரையைக் குத்தினார். முத்திரையில் இருந்த பெயர் தலைகீழாக விழுந்தது.

அடுத்த வீடு ஓட்சுகா. கடை வாசலிலேயே பலகையை வாங்கி, அவர் முன்னாலேயே படித்தாள். வழக்கமான கேலி ஒன்று வரும் என்று இசோபே காத்து நின்றார். வந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஓட்சுகா கஸாமியின் முதல் வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு தெருவுக்கு அந்தப் பக்கம், சந்துக்குள் தெரிந்த இசோபேயின் ஏசி வெளிப்பெட்டியைப் பார்த்தாள்.

"கஸாமிசான் ரொம்ப நல்ல மனுசன்" என்றாள்.

முத்திரையைக் குத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.