பல்லா, கிழிசலா

செவிலிமேட்டுத் துளசி பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவள். பூவோ, கொடியோ, மாங்காயோ, கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக நிரப்பித் தருவாள். அதைப் பார்த்துத்தான் தறி அட்டையில் துளை போடுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வெங்கடேசன் அவளுக்கு வாடிக்கை. அவளுடைய கொடிகளில் ஓர் இலைகூடக் கோணலாக இருக்காது என்பது அவருக்குப் பெருமை.

போன வருஷம் துளசி வீட்டு மாடிக்குக் கமலாட்சி குடிவந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். அவளிடம் பெட்டி பெட்டியாகக் கற்கள் இருந்தன. அசாமில் நிலக்கரி எடுக்கத் தோண்டிய இடத்தில் கிடைத்தவை. ஒவ்வொரு கல்லிலும் ஓர் இலை பதிந்திருந்தது. அந்த இலைகள் உதிர்ந்து சேற்றில் புதைந்து இரண்டரைக் கோடி வருஷம் ஆகிறது என்றாள். கல்லும் கறுப்பு, இலையும் கறுப்பு. போட்டோவில் சரியாக விழவில்லை. பார்த்து வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தவள், கீழ் வீட்டுத் திரையில் ஓடிய கொடியைக் கண்டதும் துளசியைக் கேட்டாள். இலைதானே என்று துளசியும் ஒப்புக்கொண்டாள்.

முதல் கல்லில் பாதி இலைதான் இருந்தது. சேலைக்குச் செய்வதுபோல் அந்தப் பாதியைத் திருப்பி ஒட்டி, முழு இலையாக்கிக் கொடுத்தாள். கமலாட்சி அதைக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு, கல்லில் இல்லாததை வரையக்கூடாது என்று பதமாகச் சொன்னாள். குறிப்பாக ஓரத்தில் கவனமாக இருக்கச் சொன்னாள். ஒரு காட்டிலுள்ள மரங்களில் எத்தனைக்கு இலை ஓரம் வழவழப்பாக இருக்கிறது, எத்தனைக்குப் பல் பல்லாக இருக்கிறது என்று பார்த்தால், அந்தக் காலத்து வெயிலைக் கணக்கிடலாமாம். வெப்பமான இடத்தில் வழவழப்பு அதிகம், குளிர்ந்த இடத்தில் பல் அதிகம்.

துளசி வாசலுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மேடம், வாசல்ல வேப்பமரம் இருக்குது. இலை பூரா பல்லு. இங்க இன்னா குளிரா அடிக்குது?"

"ஒரு மரத்தை வச்சு முடிவு பண்ண முடியாதுங்க. தெரு முழுக்கப் பாருங்க. மாமரம், புங்கமரம், பூவரசு எல்லாம் வழவழப்புதானே? மொத்தமாப் பார்த்தாத்தான் கணக்கு."

பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் துளசி மரங்களைப் பார்த்துக்கொண்டே போனாள். புங்கமரம் கமலாட்சி பக்கம் பேசியது, வேப்பமரம் துளசி பக்கம் பேசியது. புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் எல்லாக் கற்களையும் வரைந்து கொடுத்தாள். கணக்குப் போட்டபோது, கமலாட்சி எதிர்பார்த்ததைவிட வெப்பம் மிக அதிகமாக வந்தது. சந்தோஷப்பட்டாள். பெங்களூரில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்கிற்கு அதை எழுதியும் அனுப்பினாள். பிறகு சில கற்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தவள், ஒரு கல்லோடு கீழே இறங்கி வந்தாள். துளசி வழவழவென்று வரைந்திருந்த ஓரத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருப்பதுபோல் தெரிந்தது.

துளசி கல்லை வாங்கிப் பார்த்தாள். அந்த இடம் பொடிந்து போனது என்று நினைத்துத்தான் நேராக்கினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கோணல் தெரிந்தால் கை தானாகச் சரிசெய்துவிடுகிறது. வேறு எந்தெந்தக் கல்லில் அப்படிச் செய்தாள் என்று கேட்டபோது அவளுக்கு நினைவில்லை.

இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாகத் திரும்பப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. விளக்கை இந்தப் பக்கம் வைத்தால் பல். அந்தப் பக்கம் வைத்தால் கிழிசல். ஒரு கல்லில் துளசி பல் என்றாள், கமலாட்சி கிழிசல் என்றாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இருவரும் கட்சி மாறியிருந்தார்கள். தப்பு தன் கையிலா, கண்ணிலா, கல்லிலா என்று துளசிக்குப் பிடிபடவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னே வரைங்க," என்றாள் கமலாட்சி.

"அத எப்டி மேடம் வரையறது?"

அவள் தொழிலில் அப்படி ஒன்று கிடையாது. கட்டம் நிரம்பியிருக்கும், இல்லையென்றால் காலியாக இருக்கும். இரண்டுங்கெட்டான் கட்டத்தை எந்தத் தறியும் நெய்யாது. கடைசியில், சந்தேகமான ஓரங்களைப் புள்ளி புள்ளியாக விடுவது என்று முடிவாயிற்று. புள்ளி வைக்கும்போதெல்லாம் வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போவது போலிருந்தது அவளுக்கு.

கமலாட்சி கருத்தரங்கிற்கு அனுப்பியதைத் திரும்பப் பெற்றாள். புதுக் கணக்கில் ஒரே எண் வரவில்லை. இதற்கும் இதற்கும் நடுவே என்று அகலமாக வந்தது. துளசியின் கணவன் மாணிக்கவேலுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"கடைசியா சூடா இருந்திச்சா, இல்லியாமா?"

"சூடுதான். எவ்ளோ சூடுன்னுதான் தெரியல."

"இதுக்கா இவ்ளோ நாளு?"

 அவன் கேட்டது துளசிக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் முதலில் வந்த ஒற்றை எண்ணைவிட இந்த அகலமான பதிலைத்தான் அவள் நம்பினாள். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.

தை மாதம் வெங்கடேசன் போன் செய்தார். புது முந்தானை டிசைனில் ஓர் இலையின் ஓரம் புள்ளி புள்ளியாக நிற்கிறதாம். அட்டை அடிக்கிறவர் இது என்ன பூச்சி அரித்த இலையா என்று கேட்கிறாராம். துளசி திரையைத் திறந்து பார்த்தாள். அவள்தான் வைத்திருக்கிறாள், எப்போது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோட்டை நிரப்பி அனுப்பினாள். ஓரத்தை எப்படி விடுவது என்று மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். வழவழப்பாகவே விட்டாள்.

அந்த வாரம் மாடிக்கு இன்னும் இரண்டு பெட்டிக் கற்கள் வந்தன. தூக்கி வைக்க அவளும் ஒரு கை பிடித்தாள்.