விளக்கு வைக்கும் நேரத்து முகம்

சேலம் டவுனில் நாற்பதைத் தாண்டிய வசதியான வீட்டுப் பெண்கள் சாயங்கால விருந்துக்குப் போய், "உங்களுக்கு மட்டும் வயசே ஆகலீங்களே!" என்று நாலு பேர் சொல்லக் கேட்டுவிட்டு வந்தார்கள் என்றால், அந்தப் புகழில் முக்கால் பங்கு மரியபுஷ்பத்துக்குச் சேரவேண்டியது. சேரவில்லை. முகத்தில் ஒருத்தி கைவேலை செய்திருக்கிறாள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் நிபந்தனை. நாலரை மணிக்குக் கொல்லைக் கதவு வழியாக உள்ளே போவாள். ஆறு மணிக்கு அதே கதவு வழியாக வெளியே வருவாள். வழியில் யாராவது கேட்டால் ரவிக்கைக்கு அளவெடுக்க வந்தவள்.

அவள் தகப்பனார் சூரமங்கலம் ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். தாய் இல்லை. பதினான்கு வயதில் அவளை ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரைசானியிடம் வேலைக்கு விட்டார்கள். துரைசானிக்கு ஐம்பது வயது இருக்கும். விளக்கு வைத்தால் கிளப்புக்குப் போயாகவேண்டும்; போவதற்கு முன் ஐம்பதை நாற்பதாக்கியாகவேண்டும். அவள் எதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பாகப் பூசினால் சீப்பின் முதுகால் விரல் முட்டியில் ஒரு தட்டு விழும். முட்டி வீங்கி வீங்கித்தான் மரியபுஷ்பம் தொழில் படித்தாள்.

பதினெட்டு வயது முகம் எதைப் பூசினாலும் தாங்கும். ஐம்பது வயது முகம் பூசியதை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முதலில் கோல்டு கிரீமை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, கழுத்திலிருந்து மேல்நோக்கித் தடவவேண்டும். மாதாவுக்குப் பத்து அருள் நிறைந்த மந்திரம் மனசுக்குள் சொல்லும் நேரம் விட்டுவிட்டு, மல் துணியால் ஒற்றி எடுக்கவேண்டும். பவுடரை நெற்றியிலும் மூக்கோரத்திலும் மட்டும் ஒற்றலாம். கண்ணுக்குக் கீழே ஒரு பொட்டுப் பவுடர் கூடப் படக்கூடாது. பட்டால் அது சுருக்கத்துக்குள் இறங்கி, வாய்க்கால் வெட்டினமாதிரி வயதைக் காட்டும். கன்னச் சிவப்பைக் கன்னத்து மேட்டில் வைக்காமல் காதை நோக்கி ஏற்றி வைத்தால் தொங்கின சதை தூக்கி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: எந்த வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்க்கப்போகிறார்களோ, அந்த வெளிச்சத்தில் வைத்துத்தான் பூசவேண்டும்.

நாற்பத்தெட்டில் துரைசானி கப்பலேறினாள். போகும்போது ஒரு தோல் பெட்டியும் இரண்டு முயல்ரோமப் பிரஷும் கொடுத்தாள். அந்தப் பெட்டிதான் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் சோறு போட்டது. மரியபுஷ்பத்துக்கு மட்டுமா? தம்பி உபகாரசாமி அதில்தான் படித்தான், வேலைக்குப் போனான், இசபெல்லாவைக் கட்டினான், இரண்டு பிள்ளையும் பெற்றான். அக்காவுக்கு ஒரு கல்யாணம் பண்ணவேண்டும் என்ற நினைப்பு அவனுக்கு வந்தபோது அக்காவுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. அந்த நினைப்பும் பாசத்தில் வந்ததல்ல. இருப்பது இரண்டே அறை, பிள்ளைகள் வளர்ந்துவிட்டன. இசபெல்லா நாத்தனாரின் பெட்டியை மூன்றாம் முறையாக இடம் மாற்றி வைத்த வாரத்தில்தான் வரன் பேச்சு வந்தது.

வரன் பள்ளிபாளையம். பெயர் லாசர். நூல் கடை. மனைவி இறந்து இரண்டு வருஷம். பெரிய பிள்ளைகள் இரண்டு. வயது நாற்பத்துநாலு என்றார்கள். பெண்ணுக்கு முப்பத்தொன்று என்று உபகாரசாமி சொல்லி வைத்திருந்தான்.

"பத்து வயசா கொறைப்பே? உள்ளதைச் சொல்லிப்போடு சாமி" என்றாள் மரியபுஷ்பம்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? நான் ஒண்ணுதான் சொல்லியிருக்கேன். ஊரார் மூஞ்சிக்கெல்லாம் பண்றியே அக்கா, உன் மூஞ்சிக்கு ஒரு நாள் பண்ணிக்க மாட்டியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆசையும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? புருஷன் மேல் ஆசை என்று கூடச் சொல்ல முடியாது. முன்வாசல் வழியாக உள்ளே போக ஒரு வீடு வேண்டும் என்று ஆசை. தன் பெட்டியை ஒரே இடத்தில் வைக்கவேண்டும், அதை யாரும் நகர்த்தக்கூடாது. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

பெண் பார்க்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மரியபுஷ்பம் மூன்று மணிக்கே முன்னறையின் மின்சார பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். மண்ணெண்ணெய் மேசை விளக்கை ஏற்றி, தான் உட்காரப்போகும் பாய்க்கு இடப்பக்கம், தாடை உயரத்துக்கு ஒரு முக்காலி மேல் வைத்தாள். பிறகு அதே விளக்கடியில் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தன் முகத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தாள். ஊரார் சுருக்கத்தை எல்லாம் அழித்த கைக்குத் தன் சுருக்கம் எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை. கொஞ்சம் அழுதாள். அழுதால் இமை வீங்கும் என்று உடனே நிறுத்தினாள். கழுத்திலிருந்து ஆரம்பித்தாள்.

"கரண்டு போச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே லாசர் உள்ளே வந்தார். தலைமயிர் மை போலக் கறுத்திருந்தது. சாயம் என்று மரியபுஷ்பத்துக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. அவருடைய தங்கை அந்தோணிமேரி கூட வந்திருந்தாள்.

"அடிக்கடி போவுதுங்க" என்றான் உபகாரசாமி.

அந்தோணிமேரி அவள் தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தாள். திருப்பட்டும் என்றுதான் விளக்கு அங்கே இருந்தது. "முப்பத்தொண்ணுங்கறீங்க, அதுவும் தெரியலீங்களே" என்றாள். வாசற்படி இறங்கும்போது லாசர் திரும்பி, "நீங்க சிரிச்சா நல்லா இருக்குதுங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மூன்று வாரம் வாழ்ந்தாள். கிறுக்கச்சி மாதிரி, தண்ணீர்க் குடத்துக்குள் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டாள்.

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். சூரமங்கலம் சவரிமுத்து மகள் மரியபுஷ்பத்துக்கும், பள்ளிபாளையம் லாசருக்கும் விவாகம் நிச்சயமாகியிருப்பதால், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து அறிவிக்கவேண்டும் என்று பங்குச் சாமியார் பலிபீடத்தடியில் நின்று படித்தார். பெண்கள் வரிசையில் அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. முக்காட்டை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்குள் அவள் சிரித்தாள். அவள் பெயரை முன்வாசல் வழியாக யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது.

இங்கேதான் உபகாரசாமியின் புத்தி பல்லை இளித்தது. வேறு சாதி சனமாக இருந்தால் ஜாதகத்தைத் திருத்தி எழுதியிருப்பார்கள், தீர்ந்தது. இவர்களுக்கு ஜாதகம் கிடையாது, பிறந்த கையோடு கோயிலில் எழுதி வைக்கும் ஞானஸ்நானப் பதிவு உண்டு. மாப்பிள்ளையின் ஊரிலும் ஓலை வாசிக்கவேண்டும் அல்லவா? அதற்காகச் சேலத்துச் சாமியார் பதிவேட்டைப் புரட்டி, பெண்ணின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானஸ்நானம் பெற்ற தேதி எல்லாவற்றையும் எழுதி அவர்கள் ஊர்க் கோயிலுக்கு அனுப்பினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்று, மார்ச் மாதம். விஷயம் தெரிந்து உபகாரசாமி, கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் வீட்டுக்கு ஓடினான். இரண்டுக்கு மேலே ஒரு கோடு இழுத்து மூன்றாக்க முடியுமா என்று கேட்டான். உபதேசியார் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னை நரகத்துக்கு அனுப்பிடாதேப்பா. கடிதாசு முந்தாநேத்தே போயிடுச்சு" என்றார். முகத்தில் பத்து வருஷத்தை அழித்தவர்களுக்கு, கோயில் அலமாரியில் அது அழியாமல் கிடக்கும் என்று ஞாபகம் வரவில்லை.

பள்ளிபாளையத்திலிருந்து ஆள் வந்தது. பொய் சொன்ன குடும்பத்தில் பெண் எடுக்கமாட்டார்களாம். அதே சமயம் லாசரின் பதிவும் சேலத்துக்கு வந்து சேர்ந்தது. நாற்பத்துநாலு இல்லை, ஐம்பத்துமூன்று. மரியபுஷ்பம் அதைத் தம்பியிடம் சொன்னாள்.

"ஆம்பளைக்கு வயசைப் பாப்பாங்களா?" என்றான் அவன். பிறகு கோபம் தாங்காமல், "எல்லாம் உன்னாலதான். நீ அத்தனை நல்லாப் பூசியிருக்கக் கூடாது. முப்பத்தெட்டு மாதிரி இருந்திருந்தா நான் முப்பத்தெட்டுன்னே சொல்லியிருப்பேன். இத்தனை ரகளை வந்திருக்காது" என்றான். தொழில் தெரிந்தது குற்றமாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவள் பெயர் வாசிக்கப்படவில்லை. கோயிலில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்று முறை வாசிக்கவேண்டிய ஓலை ஒரு முறையோடு நின்றால் அர்த்தம் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவள் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். முகம் அந்த ஒரே வருஷத்தில் இறங்கியது. கண்ணுக்குக் கீழே கறுத்தது, கன்னம் ஒட்டியது. தன் முகத்துக்கு அவள் பிறகு ஒரு சொட்டு கிரீம் கூடத் தடவவில்லை.

மறு வருஷம் தவசுகாலம் கழிந்து கல்யாணங்கள் ஆரம்பித்த சமயம், போட்டோக்காரர் கிறிஸ்துராஜ் ஆள் அனுப்பினார். கல்யாண வீடுகளில் அவர் அவளுக்கு வேலை பிடித்துக் கொடுப்பது வழக்கம். டவுனில் ஒரு மண்டபத்தில் சாயங்கால வரவேற்பு; பெண் ஆத்தூர்ப் பக்கம், இருபத்தேழு வயது, அவளுக்கு ஒன்றும் வேண்டாம். மாப்பிள்ளைதான் கொஞ்சம் முதிர்ந்தவர், இரண்டாந்தாரம். போட்டோவில் தகப்பனும் மகளும் மாதிரி விழுந்துவிடக் கூடாது என்று சொல்கிறார்கள்.

"என்ன வெளிச்சம்?" என்று மட்டும் கேட்டாள் மரியபுஷ்பம்.

"டியூப்லைட்டு, அக்கா. பத்து போட்டிருக்காங்க."

பின்பக்க அறைக்குள் போனதும்தான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது லாசர் என்று கண்டாள். அடையாளம் கண்டு எழுந்துவிடுவார், ஆளைக் கூப்பிடுவார், மானம் போகும் என்று பயந்தாள். லாசர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. சீக்கிரம் ஆவட்டுங்க, ஏழு மணிக்கு மேடைக்குப் போவோணும்."

அந்தோணிமேரி எட்டிப் பார்த்து, "அக்கா, கழுத்தையும் மறக்காம பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவளுக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவர்கள் பார்த்தது மண்ணெண்ணெய் விளக்குக்காகச் செய்த ஒரு முகம். இந்த முகத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது. அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயம் போய், தெரியவில்லையே என்ற ஆத்திரம் வந்தது மரியபுஷ்பத்துக்கு.

கிரீமை உள்ளங்கையில் சூடாக்கினாள். கழுத்திலிருந்து மேல்நோக்கித் தடவினாள். தோல் விரலோடு வந்தது. ஐம்பத்துநாலு வயதுத் தோல், பதிவேட்டில் எழுதியிருந்தபடியே. உதடு தானாக மந்திரத்தை எண்ணியது. லாசருக்குச் சும்மா உட்கார முடியவில்லை.

"போன வருசம் இதே ஊர்ல ஒரு புள்ளயப் பாத்தோமுங்க. நல்ல லட்சணம். கடசீல பாத்தா நாப்பத்தொரு வயசாமாங்க! நல்லா ஏமாத்திப்போட்டாங்க."

அவள் கை வெள்ளைப் பவுடர் டப்பாவை எடுத்தது. டியூப்லைட்டில் வெள்ளைப் பவுடர் சாம்பல் நிறம் காட்டும். கண்ணுக்குக் கீழே இரண்டு ஒற்று ஒற்றினால் போதும், மேடையில் பிணம் உட்கார்ந்திருக்கும், கிறிஸ்துராஜ் அதைப் படமும் பிடித்துவிடுவார். டப்பாவைத் திறந்தும்விட்டாள். பிறகு மூடினாள். இரக்கத்தால் அல்ல. மாப்பிள்ளை முகம் கெட்டால் புஷ்பத்தின் வேலை கெட்டது என்றுதான் ஊர் சொல்லும். அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழும். சந்தன நிறப் பவுடரை எடுத்து நெற்றியிலும் மூக்கோரத்திலும் ஒற்றினாள்.

"ஆனாலும் சொல்லோணுமுங்க" என்றார் லாசர் கண்ணை மூடியபடி. "அந்தப் புள்ள சிரிச்சா நல்லா இருக்கும்."

பிரஷ் ஒரு கணம் நின்றது. பிறகு காதை நோக்கி மேலே ஏறியது. அன்றைக்கு அவள் செய்த வேலையைப் போல அவள் வாழ்நாளில் செய்ததில்லை. ஐம்பத்துநாலு நாற்பத்திரண்டாயிற்று. பன்னிரண்டு வருஷத்தைத் தன் கையாலேயே அவருக்கு எடுத்துக் கொடுத்தாள்.

கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். லாசருக்கு வாய் காதுவரை போயிற்று. இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"என்னமோ மாயமுங்க! ஏனுங்கம்மா, இவ்வளவு நல்லாப் பண்ணிப்போட்டு மூஞ்சிய இப்படி உம்முனு வெச்சிருக்கீங்களே. கண்ணாலம் நடக்கற ஊடுங்க, கொஞ்சம் சிரிங்க."

மரியபுஷ்பம் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்தாள். தலைக்கு மேலே டியூப்லைட்டு எரிந்தது. அவள் சிரித்தாள். ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை முக்காட்டுக்குள் சிரித்த அதே சிரிப்பு, முழுதாக, மறைவில்லாமல்.

லாசர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பிரஷைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். கொல்லைக் கதவு எந்தப் பக்கம் என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டு வெளியே போனாள்.