மாம்பழ டப்பாவும் மகள் சொன்ன தோப்பும்

இந்த நாட்டில் சாப்பிடுவதற்கு முன்னால் படிக்கிறார்கள். நியூ ஜெர்சியில் என் மகள் கஸ்தூரியின் பக்கத்து வீட்டுக்காரி லிண்டா, எதை வாங்கினாலும் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை முடித்த பிறகுதான் வாயில் வைப்பாள். ஆன்டி ஆக்சிடன்ட் இருக்கிறதா என்று பார்க்கிறாளாம். உடம்பு துருப்பிடிக்காமல் காக்கிற சத்து என்று மகள் விளங்கவைத்தாள். நான் தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எண் மட்டும் தடுமாறாது. இத்தனை வயதுவரை மூக்கையும் நாக்கையும் நம்பித்தான் தின்றேன், கெட்டுப்போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லிண்டாவை மகள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். கடைசியில் கிண்ணத்தில் ஊற்றித்தர மாம்பழக் கூழ் டப்பா ஒன்று வாங்கிவைத்திருந்தாள். எங்கள் சித்தூர்ப் பக்கத்துச் சரக்கு. மூடியில் அடித்திருந்த எண்ணைப் பார்த்தேன். அடைத்து இரண்டு கோடை தாண்டியிருந்தது.

அந்த எண்ணோடு எனக்குப் பழக்கம் உண்டு. வெளிநாட்டுக்கு ஏற்றுமதி என்று கதவுகள் திறந்த காலத்தில், சித்தூரிலிருந்து திருப்பதி போகிற ரோட்டில் கூழ் பேக்டரிகள் முளைத்தன. கையகல நிலமில்லாத நாங்கள் டிராக்டரில் போய், சீசன் முழுக்க நின்றுகொண்டே கிளிமூக்கு மாம்பழம் சீவினோம். பிறகு என்னை டப்பா துடைக்க மாற்றினார்கள். எண் படித்தது அங்கேதான். லிண்டா தேடுகிற சத்து துவர்ப்பில்தான் அதிகமாம்; அந்தத் துவர்ப்பெல்லாம் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் இருக்கும். அதைத்தான் வண்டி வண்டியாக மாட்டுக்கு அனுப்பினோம். மிச்சத்தைக் காய்ச்சி அடைத்து, தகரக் கூரை போட்ட கிடங்கில் அடுக்கினோம். மூன்று மாதத்தில் திறந்தால் மஞ்சளாக இருக்கும். வருஷம் தாண்டி வெக்கையில் கிடந்ததைத் திறந்தால் செம்மண் நிறம், வெல்லம் தீய்ந்த வாசனை. பழத்தின் மஞ்சள் நிறத்தில் இருக்கிற சத்து கொஞ்சம் தாங்குமாம். புளிப்போடு இருக்கிற சத்து பாதி சூட்டிலும் மீதி கிடங்கிலும் போய்விடுமாம். மகள் போனில் படித்துச் சொல்கிறாள். நாங்கள் நிறத்தைப் பார்த்தே சொல்லியிருப்போம். பேக்டரியிலிருந்து நான் மடியில் கட்டிவந்த கொட்டைகளைச் சப்பி வளர்ந்தவள் அவள். சத்து அதில் இருந்தது. என் கூலியும் சர்க்கார் கொடுத்த படிப்புப் பணமும் சேர்ந்துதான் அவளைத் திருப்பதியில் இன்ஜினியர் ஆக்கின.

அன்றைக்கு டப்பாவைத் திறந்தாள். நான் நினைத்த அதே செம்மண் நிறம்.

"கறுத்துப் பூட்ச்சிடி. இத்தப் போயி ஊட்டுக்கு வந்தவங்களுக்கு வெப்பாங்களா? கொட்டு."

"சும்மா இரும்மா. அவங்களுக்கு இன்னா தெரியப்போது? நம்ம தோப்புப் பழம்னு சொல்லிக்கினு இருக்கேன்."

"எந்தத் தோப்புடி? உங்க நைனா எனக்குத் தெரியாம எங்கனா ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தாரா?"

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது: இந்தத் தெருவில் நாங்கள் வெகு நாளாகவே மாந்தோப்புக்காரர்கள். என் பிழைப்பை, நான் உயிரோடு இருக்கும்போதே, என் மகள் துடைத்துப்போட்டிருந்தாள்.

லிண்டா டப்பாவைப் படித்தாள், ஒரு கரண்டி தின்றாள், கண்ணை மூடினாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"நம்ம தோப்புல பழம் பறிக்கிற காலத்தப் பத்திக் கேக்கறாங்கம்மா" என்றாள் மகள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "எனக்கு ஏது தோப்பு? நான் பேக்டரில தோல் சீவனவ. இது ரெண்டு வருசம் சூட்ல கெடந்த கூழு, நீ தேட்ற சத்து பாதிக்கு மேல பூட்ச்சின்னு சொல்லு. ஒண்ணு உடாம சொல்லு."

மகள் லிண்டா பக்கம் திரும்பி இங்கிலீஷில் நிறையச் சொன்னாள். அதில் ஒரு வார்த்தை எனக்குப் புரிந்தது: ஓனர். பேக்டரி கேட்டில் நின்றவர்களுக்கு அந்த வார்த்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லிண்டா எழுந்து வந்து என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கத்தியும் மாங்காய்ப் பாலும் அரித்த விரல்நுனிகளைத் தடவி, மெதுவாக ஏதோ சொன்னாள்.

"இன்னா சொல்றா?"

மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மொதலாளியே எறங்கி வேல செஞ்ச கையி, இந்தக் காலத்துல யாரு இப்பிடி இருக்காங்கன்றாங்க."

கையை இழுத்துக்கொண்டால் என் மகள் பொய்க்காரி. விட்டுவைத்தால் நான். தமிழில் கூலிக்காரியும் இங்கிலீஷில் முதலாளியம்மாவுமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எவளுடைய கை என்று தெரியாமலே, அதை லிண்டாவிடம் விட்டுவைத்தேன்.