குட்டியைப் பழக்கியது யார்?

எழுபதுகளின் நடுப்பகுதியில், மருந்தாளர் பயிற்சி முடித்த கையோடு எனக்கு நெடுந்தீவில் வேலை கிடைத்தது. இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அம்மாவை மாமி என்று கூப்பிடுவேன். தனியாக இருந்தவர், நல்லவர், ஆனால் சுத்தம் என்றால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஒரு நாள் வேலை முடிந்து வரும் வழியில், பற்றைக்குள் கத்திக்கொண்டிருந்த இரண்டு மாத நாய்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்துவிட்டேன். மாமி வாசல் படலையிலேயே மறித்தார்.

"வேலைக்குப் போனனீர், நாயோடை வாறீர்!"

கெஞ்சியதில் இரண்டு கிழமை தவணை கிடைத்தது. அதற்குள் வீட்டை நனைக்காமல் இருக்கப் பழகினால் நிற்கலாம், இல்லாவிட்டால் கரைக்குப் போகும் அடுத்த லாஞ்சுப் படகில் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

"நான் தொடவும் மாட்டன், சொல்லிப்போட்டன். நாயைத் தொட்டால் முழுகவேணும்."

புதிய இடத்தில் எனக்கென்று இருந்தது அந்தக் குட்டி மட்டும்தான். எப்படியும் வெல்வது என்று இறங்கினேன். நாய் தான் படுக்கும் இடத்தை அழுக்காக்காது, அதனால் எழுந்து திரும்பும் அளவுக்கு ஒரு பெட்டியில் பழக்கினால் போதும் என்று ஓர் ஆங்கில சஞ்சிகையில் வாசித்திருந்தேன். கடையில் வெறும் தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே இருந்த ஈயத்தாளை உரித்து, பக்கவாட்டில் படுக்க வைத்து, கோழிக்கூட்டுக் கம்பிவலையால் கதவு போட்டேன். சாக்கு விரித்தேன். ஒரு கொப்பியில் நிரல்கள் கீறினேன்: சாப்பிட்ட நேரம், தண்ணீர் குடித்த நேரம், வெளியே விட்ட நேரம், பலன்.

முதல் மூன்று நாளும் பலன் மோசம். மத்தியானம் நான் ஓடி வரும்போது சாக்கு ஈரமாக இருக்கும். நாலாம் நாள் காய்ந்திருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. காலை ஏழரையிலிருந்து பன்னிரண்டு வரை இரண்டு மாதக் குட்டி அடக்கிக்கொண்டிருக்க ஏலாது என்று அந்தச் சஞ்சிகையிலேயே இருந்தது. என் குட்டி விசேஷமான குட்டி என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை லாஞ்ச் ஊதியபோது அது பெட்டிக்குள் துடித்து அனுங்கியது. 'சத்தத்துக்குப் பயம்' என்று கொப்பியில் எழுதி வைத்தேன்.

தவணை முடிகிற நாள், விசர்நாய்த் தடுப்பூசி போடுவதற்காகக் குட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போனேன். மாமியும் ஒரு கலியாணத்துக்காக அதே லாஞ்சில் வந்தார். பட்டுச்சேலை, தலையில் பூ. "முடிவு என்ன மாமி?" என்று கேட்டேன். "கலியாணம் முடிஞ்சு வந்து சொல்லுறன்" என்றார்.

லாஞ்ச் புறப்பட ஊதியது. என் மடியில் இருந்த குட்டி துள்ளி எழும்பி, என்னைத் திரும்பியும் பாராமல், நேரே மாமியின் மடிக்குப் பாய்ந்தது. முகத்தை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது. மாமி ஒன்றும் செய்யாமல் இருக்கவே, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே குந்தியது.

பட்டுச்சேலை நனைந்தது. எதிரே இருந்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, ஆள் தெரிஞ்சுதான் வந்திருக்கு! நீங்கள் ஒவ்வொரு நாளும் லாஞ்ச் ஊதேக்கை இதைத் தூக்கிக்கொண்டு வேலிக்கரைக்கு ஓடுறதை நாங்கள் துறையிலை நிண்டு பாக்கிறனாங்கள் தானே!"

மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"பின்னை என்ன செய்யிறது? பெட்டிக்குள்ளை கிடந்து ஒரே அழுகை. மூண்டு நாள் பொறுத்துப் பாத்தன். லாஞ்ச் ஊதேக்கைதான் நான் உலை வைக்கிறது, அப்பிடியே இதையும் ஒருக்கால் வெளியிலை விட்டுட்டு வருவன்."

"அப்ப ஒவ்வொரு நாளும் முழுகினனீங்களோ மாமி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"விசரே பிள்ளை உமக்கு? நாளுக்கு ரெண்டு தரம் முழுகினால் எங்கடை கிணறு தாங்குமே?"

லாஞ்சே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. சேலையைப் பார்த்தபடி, "அப்ப குட்டி போகவேணுமோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாமி குட்டியை மடியிலிருந்து இறக்கவேயில்லை.

"நான் சொன்னது வீட்டுக்குள்ளை. இது கடல். கடலிலை ஆரும் என்னவும் செய்யலாம்" என்று சொல்லி, முந்தானையை இழுத்து ஈரத்தை மூடிக்கொண்டார். அன்று அப்படியேதான் கலியாண வீட்டுக்கும் போனார்.

அந்தக் குட்டியை என் திறமை பழக்கியது என்று பத்து நாளுக்கு மேல் நம்பியிருந்தேன். இன்றும் நான் தொட்ட ஒரு காரியம் எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால், நான் இல்லாத நேரத்தில் சத்தமில்லாமல் வந்து உதவிவிட்டுப் போனது யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன்.